அந்த ஐந்து வரிகளை வெட்டியது நான்தான்



நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். ஏச வருபவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

இந்த வருடம் தமிழ்த் தினப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து பேச்சுக்குப் போன பிள்ளை பத்தாம் தரம். தலைப்பு மனித உரிமைகள். பிள்ளை தானே எழுதிக்கொண்டு வந்தது. வழக்கமாக இப்படியான பேச்சை நாங்கள்தான் எழுதிக் கொடுப்போம், பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கும், நடுவர்கள் கைதட்டுவார்கள். 1948, ஐக்கிய நாடுகள், முப்பது உறுப்புரைகள், கடைசியில் ஒரு குறள். இந்தப் பிள்ளை அப்படி எழுதவில்லை. நாலாம் பக்கத்தில் இப்படியொரு பந்தி இருந்தது: எங்கள் நாட்டில் ஓர் ஆசிரியர் கவிதைப் புத்தகம் எழுதியதற்காக ஒன்றரை வருடத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார், நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, அவர் இழந்த நாட்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஐந்து வரி.

நான் சிவப்புப் பேனையை எடுத்து அதை வெட்டினேன்.

"ஏன் சேர், பிழையா?" என்று கேட்டது. பிழையில்லை, நேரம் போதாது என்றேன். நேரம் போதும். ஐந்து நிமிடப் பேச்சு, அந்தப் பந்திக்கு முப்பது செக்கன்கூட எடுக்காது. பிள்ளைக்கும் அது தெரியும். கடதாசியை மடித்துக் கொண்டு போய்விட்டது. வலய மட்டத்தில் இரண்டாமிடம் கிடைத்தது. காலைக் கூட்டத்தில் மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம், பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டோம். மாஷா அல்லாஹ் என்று நீங்களும்தான் கமெண்ட் போட்டீர்கள்.

அதிபர் சொல்லி வெட்டவில்லை. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் வெட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கும்பிடப் போன குடும்பங்கள், பெருநாள் உடுப்போடு போன பிள்ளைகள். செய்தவர்கள் எங்கள் பெயரோடு இருந்தவர்கள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் வெடித்த சத்தம் எங்கள் கரையோரமெல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு வந்த கிழமைகளை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டோம். ஒவ்வொரு வீடாகச் செக்கிங். அரபு எழுத்து இருந்தாலே சந்தேகம். என்னுடைய உம்மா இரவோடிரவாக வாப்பாவின் பழைய புத்தகங்களைக் கொண்டுபோய் பின்வளவில் தென்னை மரத்தடியில் புதைத்தார். நான் என் பங்குக்குக் கலாசாலைக் காலத்தில் சேர்த்த சஞ்சிகைகளை அடுப்பில் வைத்து எரித்தேன். அதில் அரபே இல்லை. எல்லாம் தமிழ்க் கவிதை இதழ்கள். "எது என்னெண்டு அவங்களுக்கு விளங்குமா, எரிச்சி விடு மகன்" என்றார் உம்மா. உம்மா சொன்னது சரியென்று அடுத்த வருடமே தெரிந்தது.

2020 மே 16. அஹ்னாப் ஜஸீம் கைது செய்யப்பட்டார். சிலாவத்துறைப் பக்கத்துப் பிள்ளை, புத்தளத்தில் ஒரு தனியார் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர், 25 வயதுகூட ஆகியிருக்கவில்லை அல்லது அந்த வயதுதான். 2017 இல் "நவரசம்" என்று ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். அந்தப் புத்தகத்தில் வன்முறையைக் கண்டிக்கும், தீவிரவாதிகளைச் சாடும் கவிதைகளும் இருந்தன. ஆனால் புத்தகமே அவருக்கு எதிரான சான்றாகிவிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்து வைத்தார்கள். விலங்கிட்டு வைத்திருந்ததாகவும் எலி கடித்ததாகவும் அவருடைய அடிப்படை உரிமை மனுவில் சொல்லப்பட்டது. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்தது.

இப்போது நான் கேட்கப் போவது அரசாங்கத்தை அல்ல. அந்தப் பத்தொன்பது மாதமும் நாம் என்ன செய்தோம்?

அவருக்காகப் பேசிய சட்டத்தரணிகள் இருந்தார்கள், சில எழுத்தாளர்கள் இருந்தார்கள், வெளிநாட்டு எழுத்தாளர் அமைப்புகள் அறிக்கை விட்டன. தமிழிலும் சிங்களத்திலும் எழுதும் சிலர் எழுதினார்கள். எங்கள் ஆசிரியர் சங்கங்கள்? எங்கள் பள்ளிவாசல் சம்மேளனங்கள்? எங்கள் ஆசிரியர் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் அந்தச் செய்தியைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் இன்னொருவர், "இதை டிலீட் பண்ணுங்க, குழுவில் பலர் இருக்காங்க" என்றார். டிலீட் பண்ணப்பட்டது. "நெருப்பில்லாமப் புகையுமா?" என்று ஒரு மூத்த ஆசிரியர் குரல் பதிவு போட்டார். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். ஒரு எழுத்தும் எழுதவில்லை. தமிழ் படிப்பிக்கும் ஓர் ஆசிரியன், கவிதை எழுதியதற்காக உள்ளே இருக்கிறான். நானும் தமிழ் படிப்பிக்கிறவன். அவனுக்குப் பதில் நானிருந்திருக்கலாம் என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் வாயை மூடினேன்.

இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கு இது 2019 இல் பிறந்த சட்டம் என்ற நினைப்பு. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் அது. ஜே.ஆர். ஜயவர்தன காலம். பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கென்று கொண்டு வந்தார்கள். 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். எனக்கு முப்பத்தாறு வயது, அந்தத் தற்காலிகச் சட்டத்துக்கு என்னைவிட வயது கூட. நீதவான் இல்லாமல் அமைச்சரின் கையெழுத்தில் ஒருவரைத் தடுத்து வைக்கலாம், மூன்று மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை. 2022 திருத்தத்தில் அது 12 மாதமானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். அதாவது பூட்டிய அறைக்குள் சொன்ன வார்த்தை. சாதாரணக் களவு வழக்கில்கூட பொலிஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. மாங்காய் திருடியவனுக்கு இருக்கிற பாதுகாப்பு இந்தச் சட்டத்தில் பிடிபட்டவனுக்கு இல்லை.

நாற்பது வருடமாக இது யார்மீது பாய்ந்தது? தமிழ்ப் பிள்ளைகள்மீது. 80களின் கடைசியில் தெற்கில் சிங்களப் பிள்ளைகள்மீதும். தமக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துப் பத்து, பதினைந்து வருடம் உள்ளே கிடந்த தமிழர்கள் இருக்கிறார்கள். அதை நாம் அறிவோம். பக்கத்து ஊர்தானே. பஸ்ஸில் பக்கத்து சீட்தானே.

நாம் அப்போது சொன்னது என்ன? நியாயமாகப் பேச வேண்டுமென்றால், நாம் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். என் மனைவியின் உம்மம்மா அப்படி வந்தவர். நகையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு ஒரு பேக்கோடு வந்தவர். மௌத்தாகும் வரை வீட்டுத் திறப்பை வைத்திருந்தார். அந்த மனிதர்களிடம் போய், புலிச் சந்தேகநபரின் உரிமை பற்றிப் பேசு என்று சொல்ல எனக்கு வாய் வராது. "எங்கள வெட்டினவங்களுக்கான சட்டம்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று அந்தத் தலைமுறை நினைத்தது எனக்கு விளங்குகிறது.

ஆனால் சட்டம் எந்தத் தலைமுறையின் கோபத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு கையெழுத்து வேண்டும். 2019 இல் பெயர் மாறியது. மற்றதெல்லாம் அதே படிவம். நாம் அவர்களுக்கென்று விட்டு வைத்த கூட்டில் எங்கள் பிள்ளைகளே போய்க் கிடந்தார்கள். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ், 2020 ஏப்ரல் முதல் 2022 பெப்ரவரி வரை. நீதிமன்றத்தில் மற்றவர்களுக்காக நின்ற மனிதர், தன் பிணைக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் காத்திருந்தார்.

இன்னொரு சட்டத்தின் கதை இதைவிடக் கூத்து. 2007 இன் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நாட்டுச் சட்டமாக்குகிறோம் என்று கொண்டு வந்தது. பேரைப் பார்த்தால் மனித உரிமைச் சட்டம். அதில் இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான ஒரு பிரிவு இருக்கிறது, நல்ல பிரிவு. ஆனால் பிணை கொடுக்க நீதவானால் முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும். அளுத்கமையில் 2014 இலும் திகனையில் 2018 இலும் மேடை போட்டு வெறுப்பைக் கக்கியவர்கள் இருந்தார்கள் அல்லவா? இந்தச் சட்டம் சுருக்கமாகச் சொன்னால் அவர்களுக்காகவே எழுதப்பட்டது மாதிரி இருக்கும். 2019 மே மாதம் இதில் பிடிபட்டது யார் தெரியுமா? ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண். அவர் அணிந்திருந்த உடுப்பில் இருந்த படம் தர்மச்சக்கரம் என்றார்கள். அது கப்பலின் சுக்கான் சில்லு. கிழமைக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். 2023 இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்தது.

அதே 2019 ஏப்ரலில், குண்டு வெடிப்பதற்கு மூன்று கிழமைக்கு முன், இதே சட்டத்தில் ஒரு சிங்கள எழுத்தாளரும் பிடிபட்டார். சக்திக சத்குமார. ஒரு சிறுகதைக்காக. பிக்குகளைப் புண்படுத்திவிட்டார் என்று முறைப்பாடு. நாலு மாதத்துக்கு மேல் உள்ளே. அப்போது எங்களில் யாராவது அதைப் பற்றி ஒரு பதிவு போட்டோமா? எனக்கு அந்தப் பெயரே அஹ்னாப் விடயம் வந்த பிறகுதான் தெரியும். இதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஜனாஸா விடயத்துக்கு வருகிறேன். அங்கேதான் எல்லோருக்கும் கண் கலங்கும், அங்கேதான் நான் கோபப்படுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று சொல்லியிருந்தது. இங்கே 2020 ஏப்ரலில் எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி. இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள், வாப்பா உம்மா கையெழுத்து வைக்காமலே. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசம்பர் முதலாம் திகதி விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. பின்னாளில் அரசு சொன்ன கணக்கு 276. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எந்த நிபுணர் குழு எந்த விஞ்ஞானத்தை வைத்து நிலத்தடி நீர் கெடும் என்று சொன்னதோ, அதில் இருந்தவர்கள் யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை.

அந்த நாட்களில் பொரளை கனத்தை மதில் கம்பிகளில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் யார்? எங்கள் ஆட்கள் இருந்தார்கள். சிங்களவர்கள் இருந்தார்கள், கத்தோலிக்கர்கள் இருந்தார்கள், பாதிரியார்கள் இருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் எங்களுக்காக வாதாடியவர்களில் தமிழ்ச் சட்டத்தரணி இருந்தார். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அந்த ஊர்வலத்தில் இருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் இருந்தது. எங்கள் ஊர்களின் ஊடாக வந்தபோது நாங்கள் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தோம், சிலர் கூட நடந்தோம். எனக்கு அந்த நாள் நல்ல ஞாபகம். ஒரு வயதான அம்மா, கையில் மகனின் லெமினேட் பண்ணிய போட்டோ. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்கட ஆக்கள எரிக்கிறாங்களாமே தம்பி" என்றார். தன் மகனின் எலும்பைக்கூடக் காணாதவர், எங்கள் மையத்துக்காகக் கவலைப்பட்டார்.

அந்தத் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் குந்தியவர்கள். எட்டு வருடம் தாண்டிவிட்டது. ஒவ்வொருவராக மௌத்தாகிக் கொண்டிருக்கிறார்கள். எங்களுடைய ஜனாஸா பிரச்சினை தீர்ந்த பிறகு, எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் அவர்களிடம் போயிருக்கிறதா? சுற்றுலாவுக்கு யாழ்ப்பாணம் போகிறோம். நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடிக்கிறோம். கிளிநொச்சியைத் தாண்டித்தான் போகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனாதிபதிக்கு எல்லா அதிகாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் திருத்தம். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த எங்கள் எம்பிமார் சிலர் ஆதரவாகக் கை தூக்கினார்கள். ஜனாஸாவுக்காகத்தான் தூக்கினோம் என்று ஊரில் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகும் நாலு மாதம் எரித்தார்கள். அடக்க அனுமதி வந்தது 2021 பெப்ரவரி 25, பாகிஸ்தான் பிரதமர் வந்து போன மறுநாள், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம். எம்பிமாரின் கை வேலை செய்ததா, ஜெனீவா வேலை செய்ததா என்று நீங்களே யோசியுங்கள். இதிலும் ஒரு வேதனை: அடுத்த மாதம் அந்தப் பேரவையில் வந்த 46/1 தீர்மானத்தில் முஸ்லிம்களின் அடக்கம் செய்யும் உரிமை பற்றியும் இருந்தது. பாகிஸ்தானும் பங்களாதேஷும் அதற்கு எதிராக வாக்களித்தன. ஆதரவு 22, எதிர்ப்பு 11. ஆதரித்தவற்றில் பெரும்பாலானவை, ஜும்ஆப் பிரசங்கத்தில் நாங்கள் திட்டித் தீர்க்கிற வகை நாடுகள்.

"மனித உரிமை எண்டுறது வெள்ளைக்காரன்ட சாமான் சேர், நமக்கு மார்க்கம் இருக்கு" என்று சொல்லும் காக்காமாரிடம் ஒரு கேள்வி. திருகோணமலையில் அபாயா அணிந்த ஆசிரியைகளைப் பாடசாலைக்குள் விடாதபோது அந்தச் சகோதரிகள் எங்கே போனார்கள்? மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு. அபாயா அணிவது அவர்களுடைய உரிமை என்று சொன்னதும் அதே ஆணைக்குழு. அன்றைக்கு நாங்கள் அதை ஷெயார் பண்ணினோம், பட்டாசு கொளுத்தாத குறை. அபாயாவுக்கு வந்தால் உரிமை, அடுத்தவனுக்கு வந்தால் வெள்ளைக்காரன் சாமானா?

இனி எங்கள் வீட்டுக்குள் வருகிறேன். இந்த இடத்தில்தான் எனக்கு அதிகம் ஏச்சு விழும், தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. கணிதத்தில் கெட்டி. இரண்டாம் தவணை விடுமுறை முடிந்து வரவில்லை. கேட்டால், கலியாணம் முடிந்துவிட்டது என்றார்கள். பதினாறு வயது ஆகவில்லை. அந்தப் பிள்ளையின் கையெழுத்து திருமணப் பதிவில் இருக்கவும் இல்லை, ஏனென்றால் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி மணமகள் கையெழுத்திடத் தேவையில்லை. ஆகக்குறைந்த வயதும் அதில் இல்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் மட்டும் காதியாரின் அனுமதி. நாட்டின் மற்றப் பெண்களுக்குப் பதினெட்டு. அரசியலமைப்பில் சமத்துவம் இருக்கிறதே என்று நீதிமன்றம் போகவும் முடியாது, 16 ஆம் உறுப்புரை பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. திருத்தம் பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை கொடுக்க ஒன்பது வருடம் எடுத்தது. 2018 இல் கொடுத்தார்கள். இன்று வரை திருத்தம் நிறைவேறவில்லை. அதைத் தடுப்பது பேரினவாதமா? பொதுபல சேனாவா? நாங்கள்தான்.

"இதைப் பேசினா அவங்களுக்கு வாய்ப்பாப் போகும்" என்பார்கள். போகலாம். எங்கள் சட்டத்தையே இல்லாமலாக்கத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்காக அந்தப் பிள்ளையின் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு காலம் நான் வரவு இடாப்பில் கோடு போடுவது? அதே பிள்ளையை போன மாதம் சந்தையில் கண்டேன். இடுப்பில் குழந்தை. "சேர் எப்பிடி இருக்கீங்க" என்றது. எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதைய அரசு வந்தபோது எங்கள் பக்கத்திலும் பலர் சந்தோஷப்பட்டோம், நானும் வாக்குப் போட்டேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியவர்கள். அந்தக் கட்சியின் ஆட்களே ஒரு காலத்தில் அதே சட்டத்தில் அடிபட்டவர்கள். ஆனால் 2024 ஒக்டோபரில் இஸ்ரேலுக்கு எதிரான ஒரு பதிவுக்காக ஒரு முஸ்லிம் இளைஞர் பிடிபட்டு ஒன்பது மாதம் உள்ளே இருந்தார். 2025 மார்ச்சில் கொழும்பில் ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயதுப் பிள்ளைக்குத் தடுப்புக் கட்டளை. அவர் இரண்டு கிழமையில் பிணையில் வந்ததற்குக் காரணம் சத்தம். தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லோரும் போட்ட சத்தம். ஒன்பது மாதம் இருந்தவருக்கு அந்தச் சத்தம் பிந்தித்தான் வந்தது.

நான் அரசாங்க உத்தியோகத்தன். தாபனக் கோவை எனக்கும் தெரியும். சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வது பற்றிப் பொது நிர்வாக அமைச்சு 2022 இல் விட்ட சுற்றறிக்கையும் வாசித்திருக்கிறேன். என் திணைக்களத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்றம் சொன்னதையும் வர்த்தமானியில் வந்ததையும்தான் சொல்கிறேன்.

இன்னுமொன்று, இது பிரயோசனமாக இருக்கும். யாரையாவது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. 2019 இல் இது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? எம்பியின் வீட்டு வாசலில் நின்றோம். எம்பி போன் எடுக்கவில்லை. இதைத் தெரிந்த சட்டத்தரணிகள் எங்கள் ஊரிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். பள்ளி நிர்வாகம் மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். பெண்களுக்கும் இடம் ஒதுக்கட்டும், அவர்கள்தான் கைதானவனைத் தேடி அலைகிறவர்கள்.

நேற்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். பழைய கடதாசி இருக்கா என்று கேட்டேன். கொண்டு வந்து தந்தது. என் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. "இதை நான் வெட்டினது பிழை மகள், நேரம் போதாமல் வெட்டல்ல, பயத்துல வெட்டினேன்" என்று சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது: "அந்த சேர் இப்ப எந்த ஸ்கூல்ல படிப்பிக்கிறார்?"

எனக்குத் தெரியாது என்றேன். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

கமெண்டில் என்னை ஏசலாம். பிள்ளையின் பெயரையும் பாடசாலையையும் யாரும் எழுத வேண்டாம், எழுதினால் டிலீட் பண்ணுவேன்.